வாத்து ஓட்டு யாருக்கு?

ரொட்டித் துண்டை வீசப் போன கை அப்படியே நின்றது. பின்னால் யாரோ விசில் ஊதினார்கள்.

"போடாதீங்க! கையைக் கீழ இறக்குங்க! ரொட்டியோட சேர்த்து இறக்குங்க!"

பஞ்சர் அக்கா திரும்பிப் பார்த்தாள். நகராட்சியில் நாய் லைசென்ஸ் போடும் குமாஸ்தா மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் 'விதிப்படி' என்றுதான் தொடங்குவார் என்பதால் ஊர் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. இன்று விதிப்படியின் கழுத்தில் ஒரு புது அட்டை தொங்கியது. 'வாத்துத் தேர்தல் அதிகாரி.'

"வாத்துக்கு ரொட்டி போடுறது குத்தமா சார்?"

"நேத்து வரைக்கும் தர்மம். இன்னைக்குக் காலையிலேருந்து லஞ்சம்."

"லஞ்சமா? யாருக்கு?"

"வாக்காளருக்கு."

குளத்தில் வாக்காளர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். முன்னால் நின்ற பெரிய வெள்ளை வாத்து ஒரு அதட்டல் போட்டது. எப்போதும் முன்னால் போய் மற்றவற்றை மேய்ப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். காலைச் சாப்பாடு தாமதமானால் மேஸ்திரிக்குப் பொறுக்காது.

"பாருங்க, பழகின வாத்து எப்படிக் கத்துதுன்னு," என்றார் விதிப்படி. "இத்தனை வருஷமா ரொட்டி போட்டு ஓட்டை வளைச்சு வச்சிருக்கீங்க. எதிர்த்தரப்பு எழுத்துல புகார் கொடுத்திருக்கு."

எதிர்த்தரப்பு யார் என்று அக்கா கேட்கவில்லை. குளத்துக்கு அக்கரையில், சலூன் வாசலில் நின்று சீப்பைத் துடைத்துக்கொண்டே எங்கோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான் அவளுடைய சொந்தக் கொழுந்தன்.

விஷயம் இதுதான்.

ஊருக்கு ஒரே பஸ். அது நிற்கும் இடம் குளத்தின் தெற்கே, நகராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே. பஸ் வந்து நின்றால் பிரேக் 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சில் நகராட்சித் தலைவி அம்மாளின் பேச்சு பாதியில் அறுந்து போகும். கூட்டம் இறங்குவதற்குள் அவருடைய கார் வாசலிலேயே நின்று வேகும். எனவே பஸ் நிறுத்தத்தைக் குளத்தின் வேறொரு கரைக்கு மாற்றுவது என்று அம்மாள் முடிவு செய்தார். கிழக்குக் கரையில் வைத்தால் அக்காவின் சைக்கிள் கடை போகும். மேற்குக் கரையில் வைத்தால் கொழுந்தனின் சலூன் போகும்.

கடை போகிறவருக்கு மாற்று இடம் உண்டு. மார்க்கெட் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை.

"பஞ்சரான சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏற எவன் வருவான்?" என்று கேட்டாள் அக்கா. "சலூன்னா பரவாயில்ல. முடி என்ன கனமா? தம்பி, நீங்க மாடிக்குப் போயிடுங்களேன்."

"மாடியில தண்ணி வராது அண்ணி. மூஞ்சி பூரா நுரையோட ஆளைக் கீழ அனுப்பவா?"

நகர மன்றத்தில் ஓட்டெடுத்தார்கள். தலையில் முடி உள்ள உறுப்பினர்கள் சலூன் பக்கம், சைக்கிள் வைத்திருப்பவர்கள் அக்கா பக்கம். பாதிக்குப் பாதி. முடியும் சைக்கிளும் இரண்டும் உள்ள உறுப்பினர் ஒருவர், ஓட்டெடுப்பு என்று காதில் விழுந்ததுமே கழிப்பறைக்குப் போய்விடுவார். எத்தனை முறை எடுத்தாலும் அதே கதைதான்.

அப்போதுதான் தலைவி அம்மாள் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போகும்போது ஒரு பெட்டியோடு போனவர், வரும்போது ஒரு கருத்தோடு வந்தார். ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அங்கே வாழும் விலங்குகளையும் மரங்களையும் நீரையும் கேட்க வேண்டாமா? வாயில்லை என்பதால் அவற்றுக்கு உரிமையும் இல்லையா? உலகமே இதைத்தான் பேசுகிறதாம்.

மன்றத்தில் யாரும் மறுக்கவில்லை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. உண்மையில் அந்தக் குளத்தில் எல்லோருக்கும் முன்னால் குடியேறியவை வாத்துகள்தானே? இதுவரை ஒரு நாயும் அவற்றை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாய் கேட்டதெல்லாம் வேறு.

"மரத்தைக் கேட்டா பதில் வர நாளாகும்," என்றார் ஒரு உறுப்பினர். "வாத்துன்னா பரவாயில்ல."

ஆக, வாத்துகளுக்கு ஓட்டு. நடத்தும் பொறுப்பு விதிப்படிக்கு. நாய் லைசென்ஸ் பார்த்த அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது? அவர் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சட்டம் எழுதினார். தேர்தலன்று வாத்துகளைக் கூண்டில் வைத்து, படகில் ஏற்றி, நட்டநடுக் குளத்தில் திறந்துவிட வேண்டும். பெரும்பான்மை வாத்துகள் எந்த இடத்தில் கரையேறுகின்றனவோ அந்த இடம் அவற்றின் விருப்பம். அங்கே எதையும் கட்டவோ, இடிக்கவோ, நகர்த்தவோ கூடாது.

வரைவைப் படித்த தலைவி அம்மாள் கேட்டார். "எந்த இடம்னு ஏன் இழுக்கறீங்க? கிழக்கா மேற்கான்னு எழுதினா போதாதா?"

விதிப்படிக்கு முகம் சுருங்கியது. "மேடம், வாக்காளரோட சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்னு நாம அவங்களைக் கட்டாயப்படுத்தலாமா? விதிப்படி அது..."

"சரி சரி, இருக்கட்டும். பேப்பர்ல போட நல்லா இருக்கும்."

அப்படியே நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுதான் இன்று அக்காவின் கையை அந்தரத்தில் நிறுத்தியது. தேர்தல் முடியும் வரை யாரும் வாத்துக்குத் தீனி போடக் கூடாது.

அக்கா ரொட்டியைப் பையில் போட்டாள். மேஸ்திரி அவளைப் பார்த்த பார்வை, வாடகை கொடுக்காதவனை வீட்டுக்காரர் பார்க்கும் பார்வை. கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு குளத்தின் நடுவுக்குப் போய்விட்டது.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ரொட்டி இல்லையென்றால் இந்த வாத்துகள் தன்னைத் திரும்பியும் பாராது என்பது புரிந்துவிட்டது. சலூன்காரனுக்குப் புகார் எழுத எவ்வளவு துணிச்சல்! நேற்று ராத்திரி கூட மாடி வீட்டிலிருந்து கீழே வந்து, "அண்ணி, ஒரு கரண்டி குழம்பு," என்று வாங்கிப் போனவன்தானே.

மத்தியானம் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா ட்யூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்தாள். பிறகு வால்வைத் திறந்து காற்றை விட்டாள்.

புஸ்ஸ்ஸ்.

நடுக்குளத்தில் மேஸ்திரியின் கழுத்து நிமிர்ந்தது. அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்து, ஈரக் காலோடு கடைக்குள் ஏறி, தபால்காரரின் செருப்பைச் சுற்றி நின்றது.

அக்காவுக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, முந்தின நாள் ஒட்டிய ட்யூபுகளில் காற்றை விட்டுப் பார்ப்பது. அது முடிந்த கையோடுதான் ரொட்டி. இந்தப் பிறவிகளுக்குப் புஸ் என்றாலே சாப்பாடு!

விசில் பறந்தது. விதிப்படி ஓடி வந்தார்.

"என்ன போட்டீங்க? என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. காத்தைத்தான் விட்டேன்."

"காத்தா?"

"பஞ்சர் கடையில காத்து விடாம என்ன சார் விடுவாங்க? காத்துக்கும் லஞ்சம்னு பேரா?"

விதிப்படி தன் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். தானியம், ரொட்டி, புழு, கீரை எல்லாம் இருந்தன. காற்று இல்லை.

"தொழிலைத் தடுக்க விதியில இடமில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

தபால்காரர் சிரித்தார். "அக்கா, ஜெயிச்சிட்டீங்க போங்க."

அவள் அக்கரையைப் பார்த்தாள். கொழுந்தன் சீப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். நாற்காலியில் பாதித் தலையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, இவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே சலூனில் ஒரு கைப்பம்பு முளைத்தது. வெட்டிய முடியைக் கழுத்திலிருந்து ஊதித் தள்ளுவதற்காம். அவன் ஒரு புஸ் விட்டால் இவள் ஒரு புஸ் விட்டாள். வாத்துகள் கிழக்கே பாதி தூரம் வந்து மேற்கே திரும்பின. மேற்கே பாதி தூரம் போய்க் கிழக்கே திரும்பின. நாள் முழுக்க நீந்தியும் ஒரு துண்டு ரொட்டி கிடைக்கவில்லை. தேர்தல் நேரத்து வாக்காளர் எல்லோரையும் போலவே அவையும் நம்பிக்கையை மட்டும் விடவில்லை.

வீட்டில் அதைவிட வேடிக்கை. கீழ்ப் போர்ஷனில் அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அக்காவின் கணவன்தான் அந்த ஒரே பஸ்ஸின் டிரைவர். நியாயம் கேட்டு மனைவி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

"எனக்கு எந்தப் பக்கமும் கிடையாது," என்றான் டிரைவர். "ஒரு பக்கம் சாய்ஞ்சா சாப்பாடு கிடைக்காது. இன்னொரு பக்கம் சாய்ஞ்சா முடி வெட்ட ஆள் கிடையாது. என்னை விட்டுடுங்க."

"கடை போனா உங்க சம்பளத்துலதான் சாப்பிடணும். அது தெரியுமா?"

"அதான் சொல்றேன், சாப்பாடு கிடைக்காதுன்னு."

தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம். அக்கா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் மனைவியான ஓரகத்தி மாடிப்படியில் பூனை மாதிரி இறங்கி வந்தாள். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தியதே இல்லை. பேச்சை நிறுத்தினால் மற்றவர்களைப் பற்றி யாரிடம் பேசுவது?

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவர் கம்ப்ரஸர் எடுத்துட்டு வந்திருக்காரு. வாடகைக்கு. லாரி டயருக்கே காத்தடிக்குமாம். சலூனுக்குள்ள துணி போட்டு மூடி வச்சிருக்கு."

அக்காவுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. கம்ப்ரஸர் விடும் புஸ்ஸுக்கு முன்னால் அவளுடைய கைப்பம்பு எந்த மூலைக்கு?

"உனக்கென்னடி, உன் கடை நிக்குது."

"நிக்கட்டும் அக்கா. ஆனா உங்க கடை போயி நீங்க மூஞ்சைத் தூக்கிக்கிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்? ரெண்டும் நிக்க வழியிருந்தா பாருங்களேன்."

ஓரகத்தி வந்த மாதிரியே போய்விட்டாள். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தாள். மூன்றாவது மாடி அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. அதன் படிகள் வந்தன. அந்தப் படிகளில் ஏறி வராத சைக்கிள்கள் வரிசையாக வந்தன.

அப்போது தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. வழக்கம் போல ஒரு மணி நேரம் தாமதம். தூரத்தில் குளத்தோரம் அது நின்றது.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

அதைத் தொடர்ந்து வாத்துகளின் கூச்சல். அதைத் தொடர்ந்து நகராட்சி வாட்ச்மேனின் "ஏய்! போ! போ!"

இது தினமும் கேட்கிற சத்தம்தான். பஸ் நின்றால் வாத்துகள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள குளத்துப் படிக்கட்டுப் பக்கம் பாயும், வாட்ச்மேன் தடியோடு வந்து விரட்டுவார். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போன சத்தம். இன்றுதான் அக்காவின் காதில் அது முழுசாக விழுந்தது.

நாளைக்கு வாட்ச்மேன் எங்கே இருப்பார்? படகில். கூண்டைத் திறந்துவிட நியமிக்கப்பட்டவரே அவர்தான்.

கணவன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தண்ணீர்ச் சொம்போடு எதிரே போய் நின்றாள்.

"என்னங்க, உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்லன்னீங்களே?"

"இல்லவே இல்ல."

"நல்லது. அப்படியே இருங்க. ஒரே ஒரு வேலை செஞ்சா போதும்."

காதருகே குனிந்து அவள் சொன்னதைக் கேட்டு அவனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தான். மாடியிலிருந்து தம்பி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. புரையேறிடுச்சு."

விடிந்தது. குளத்தைச் சுற்றி ஊரே நின்றது. தலைவி அம்மாள் அழைத்து வந்த பத்திரிகைக்காரர்கள் கேமராக்களோடு கரையில் இடம் பிடித்தார்கள். அலுவலகத்துக்கு எதிரே உள்ள படிக்கட்டில் விதிப்படி மேசை போட்டு உட்கார்ந்தார். மேசை நுழைய வேண்டுமே என்று, எப்போதும் பூட்டிக் கிடக்கும் இரும்புக் கதவைத் திறந்து வைத்திருந்தார். விடியற்காலையிலிருந்து ஒவ்வொரு வாத்தாகப் பிடித்து விரல் சவ்வில் மை வைத்ததில் அவருடைய சட்டை முழுக்க நீலம். மேஸ்திரியிடம் வாங்கிய கொத்து ஒன்று மூக்கின் மேல் சிவந்திருந்தது.

மைக்கில் சட்டத்தைப் படித்தார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ள மறுபடி ஒருமுறை படித்தார். "வாக்காளர்கள் எந்த இடத்தில் கரையேறுகிறார்களோ, அந்த இடத்தில் எதையும் கட்டவோ, இடிக்கவோ, நகர்த்தவோ கூடாது!"

தலைவி அம்மாள் அலுவலக மாடி ஜன்னலிலிருந்து கைதட்டினார். கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின.

பத்து மணி ஆகப் போகும்போது படகு நடுக்குளத்தை அடைந்தது. வாட்ச்மேன் கூண்டைத் திறந்தார். வாத்துகள் தொப் தொப்பென்று தண்ணீரில் விழுந்து, உதறிக்கொண்டு, வட்டமாகச் சுற்றின.

அக்கா தொழிலைத் தொடங்கினாள். புஸ்.

மேஸ்திரி கிழக்கே திரும்பியது. கூட்டம் பின்னால் திரும்பியது. சைக்கிள் கட்சி ஆரவாரம் செய்தது.

அக்கரையில் கொழுந்தன் துணியை உருவினான். கம்ப்ரஸர் வெயிலில் மின்னியது. நாற்காலியில் ஒரு பேச்சுக்கு ஆளை உட்காரவைத்து, அவன் கழுத்தில் முடி ஊதுவது போல் குழாயைத் திறந்தான்.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

நாற்காலியில் இருந்தவரின் தலைமுடி மொத்தமும் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. வாத்துகள் ஒட்டுமொத்தமாக மேற்கே திரும்பின.

"தம்பி, இது அநியாயம்!" என்று கத்தினாள் அக்கா.

"தொழிலுங்க அண்ணி! தொழிலைத் தடுக்க விதியில இடமில்ல! சார்கிட்டக் கேட்டுப் பாருங்க!"

"எந்த ஊர்லடா லாரிக்கு அடிக்கிற காத்துல முடி ஊதுவாங்க?"

"நம்ம கஸ்டமருக்கு முடி அடர்த்தி அண்ணி!"

விதிப்படி புத்தகத்தைப் புரட்டினார். கம்ப்ரஸரும் இல்லை.

வாத்துகள் மேற்குக் கரையை நெருங்கின. பாதி தூரம், முக்கால் தூரம். அக்காவின் கை பம்பின் மேல் இருந்தது, கண் தெற்கே சாலையின் திருப்பத்தில் இருந்தது. பத்து மணி பஸ். இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் கூடப் பத்து மணிக்கு வந்ததில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுக்கும்போதும் மறுபடி சொல்லி அனுப்பினாளே. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நேரத்துக்கு வாங்க. வராட்டி நாளைக்கு டப்பாவுல பஞ்சர் பசைதான்."

மேஸ்திரியின் கால் மேற்குக் கரையின் சேற்றைத் தொட்டது. கொழுந்தன் சிரித்தான். முடிக் கட்சி கைகளைத் தூக்கியது.

அப்போது ஹாரன் கேட்டது.

திருப்பத்தில் பஸ் வந்தது. நேரத்துக்கு வந்தது! நிறுத்தத்தில் நின்றிருந்த பயணிகளே நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பஸ் நகராட்சிக்கு எதிரே வந்து, நின்றது. இல்லை, முழுசாக நிற்கவில்லை. ஒரு அடி நகர்ந்தது, நின்றது. இன்னொரு அடி நகர்ந்தது, நின்றது.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். "யோவ், வண்டி ஓட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?" என்று ஒரு குரல் கேட்டது.

மேற்குக் கரையின் சேற்றில் மேஸ்திரியின் கால் அப்படியே நின்றது. அது கம்ப்ரஸரைப் பார்த்தது. பஸ்ஸைப் பார்த்தது. இத்தனை புஸ் என்றால் எத்தனை ரொட்டி இருக்க வேண்டும்! ஒரு அலறலோடு திரும்பியது. மொத்தக் கூட்டமும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு தண்ணீர் மேலேயே ஓடியது.

"ஏய்! ஏய்!" படகில் நின்ற வாட்ச்மேன் தடியைத் தேடினார். தடி கரையில் இருந்தது. துடுப்பைத் தூக்கினார். படகு ஆடியது. உட்கார்ந்துவிட்டார்.

வாத்துகள் படிக்கட்டில் ஏறின. திறந்திருந்த இரும்புக் கதவைத் தாண்டின. மேஸ்திரி மட்டும் நின்று நிதானமாக மேசை மேல் தாவி, விதிப்படியின் சட்டப் புத்தகத்தின் மேல் தன் கருத்தைப் பதிவு செய்துவிட்டு இறங்கியது. பிறகு வரிசையாகச் சாலையோரம் நடந்து, பஸ் நிறுத்தத்தின் நிழற்குடைக்குள் போய், பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன. நீல மை வைத்த பாதங்கள் தரையெங்கும் முத்திரை குத்தியிருந்தன.

ஒரே ஒரு குட்டை வாத்து மட்டும் கடைசி வரை மேற்குக் கரையில் நின்று கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது செல்லாத ஓட்டு," என்றார் ஒரு பத்திரிகைக்காரர்.

"செல்லும்! செல்லும்! ஆனா சிறுபான்மை," என்றார் விதிப்படி, புத்தகத்தைத் துடைத்துக்கொண்டே.

மாடி ஜன்னலில் தலைவி அம்மாளின் முகம் வெளுத்தது. "என்ன இது? கிழக்கு இல்ல, மேற்கு இல்ல. தேர்தல் ரத்துன்னு சொல்லுங்க!"

அங்கேதான் விதிப்படி தன் வாழ்க்கையில் முதல் முறையாக நிமிர்ந்து நின்றார். மூக்கில் கொத்து, சட்டையில் மை, கையில் அசிங்கமான புத்தகம்.

"விதிப்படி முடியாது மேடம். எந்த இடம்னுதான் சட்டம். இது ஒரு இடம். வாக்காளர் தெளிவா சொல்லிட்டாங்க. பஸ் நிறுத்தம் இருக்கிற இடத்துல எதையும் கட்டக் கூடாது. இடிக்கக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நகர்த்தவும் கூடாது."

குளத்தின் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் விசில் பறந்தது.

கேமராக்கள் ஜன்னலை நோக்கித் திரும்பின. தலைவி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். மாநாட்டுக்குப் போய்வந்தவர்களால்தான் அப்படிச் சிரிக்க முடியும்.

"இயற்கை தீர்ப்பு சொல்லிவிட்டது," என்றார். "நாங்கள் தலை வணங்குகிறோம்."

கீழே பஸ் இன்னொரு முறை புஸ்ஸ் என்றது. அவர் அடுத்துச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கொழுந்தன் குளத்தைச் சுற்றி நடந்து வந்தான். அக்காவின் கடை வாசலில், ஒட்டாத ட்யூப் மாதிரி தொய்ந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் இன்னைக்கு நேரத்துக்கு வந்ததுக்கு என்ன காரணம்?"

"எனக்கென்ன தெரியும்? அவருக்குத்தான் எந்தப் பக்கமும் இல்லையே."

"பிரேக்கு கூட ஒரு மாதிரி..."

"பழைய வண்டி தம்பி."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ரொட்டிப் புகாரு... கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இருக்கு. இன்னைக்குக் குழம்பு கிடையாது. நாளைக்கு வாங்க." அவள் அக்கரையைச் சுட்டினாள். "அந்தக் கம்ப்ரஸருக்கு எத்தனை நாள் வாடகை கட்டியிருக்கீங்க?"

"மாசம் முழுக்க. திருப்பிக் குடுத்தா பாதி கூட வராதாம்."

"அப்ப இங்க கொண்டு வந்து வைங்க. லாரிக்காரங்க கேக்கறாங்க. உங்களுக்கும் முடி ஊதணும்னா ஆளை இங்க அனுப்புங்க."

அன்று சாயங்காலமே கம்ப்ரஸர் குளத்தைச் சுற்றிக் கிழக்கே வந்து சேர்ந்தது. பின்னாலேயே அந்தக் குட்டை வாத்தும் வந்தது.

மறுநாள் காலை அக்கா கடையைத் திறந்தாள். குளத்தில் ஒரு வாத்தும் இல்லை. எல்லாம் தெற்கே பஸ் நிறுத்தத்தில், பயணிகளுக்கு நடுவே, பத்து மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தன. வாசலில் தலைவி அம்மாளின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால் மேஸ்திரி படுத்திருந்தது. விதிப்படி குனிந்து அதனிடம் ஏதோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது யோசித்துக்கொண்டிருந்தது.

அக்கா பையிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கம்ப்ரஸரின் குழாயைத் திறந்தாள்.

புஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

நிறுத்தத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. வாத்துகளின் தலைகளோடு, பயணிகளின் தலைகளும்.

"அக்கா!" என்று அங்கிருந்தே கத்தினார் விதிப்படி. "கொஞ்சம் பொறுத்துப் போடுங்க! மேடம் கார் வெளிய போகட்டும்!"

"கார் போகணும்னா வாத்தை நான்தான் சார் கூப்பிடணும்! மேடத்தையே கேக்கச் சொல்லுங்க!"

காரின் கண்ணாடி மெதுவாக இறங்கியது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"கூப்பிடும்மா," என்றார் தலைவி அம்மாள்.